ஒரு ஸ்கோப், இரண்டு துவக்கு, மாமாவின் புருவம்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்கிறவரின் முகத்தில் கண்ணாடி கொஞ்சம் சரிந்திருந்தாலும் கை சும்மா இருக்காது. ட்ராமில் முன்பின் தெரியாத ஒரு கிழவரின் கண்ணாடியை நிமிர்த்தப் போய் நல்ல ஏச்சு வாங்கியவள் நான். அந்தக் கையை நான் ஒரு துவக்கிலும், அதாவது துப்பாக்கியிலும், வைத்தேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் பகிடிக்குப் பஞ்சமில்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஜேர்மனியில் உதைபந்தாட்ட உலகக்கிண்ணம் நடந்த கோடைகாலம் அது. கார்களிலெல்லாம் கொடி பறந்தது. நான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, பான் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கையில் சான்றிதழ், சட்டையில் பெயர்ப் பட்டி. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றும் இல்லை என்று நான் முழுமனதாக நம்பிய காலம்.

அதே காலத்தில்தான் நான் விரும்பிய ஜேர்மன் பெடியன் மத்தியாஸைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தேன். அம்மா அழுதுவிட்டு, அடுத்த நாளே அவன் உறைப்புச் சாப்பிடுவானா என்று விசாரித்தா. அப்பா ஒரு கிழமை வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"டொச்சுப் பெடியன் எண்டாலும் பரவாயில்லை. ஆனால் பெடியன்ர தாய் தேப்பன் இஞ்ச வீட்டுக்கு வந்து, வாய் திறந்து கேக்கோணும். கேக்க ஒரு ஆளில்லாமல் நான் என்ர பிள்ளையைக் குடுக்க மாட்டன்."

நியாயமான நிபந்தனைதான். ஆனால் மத்தியாஸின் அப்பா ஹெல்முட் வாய் திறக்கிற ஆளில்லை. ஐஃபல் மலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம், கூரை வேய்கிற தொழில். சனிக்கிழமைகளில் துப்பாக்கிக் கழகத்தில் கடதாசி இலக்கைச் சுடுவார். மற்ற நாட்களில் கோழி பிடிக்கிற நரியையும் தோட்டத்தைக் கிண்டுகிற முயலையும் தேடிக்கொண்டு திரிவார். எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி மத்தியாஸ் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "பார்ப்போம்." (எங்கள் ஆட்களின் "பாப்பம்" போலத்தான். ஒருநாளும் நடக்காது என்று அர்த்தம்.)

இப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேக்கும் கோப்பியுமாக இருக்கும்போது, ஹெல்முட் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் லென்ஸ் படித்தவர்தானே?"

எனக்குக் கேக் புரைக்கேறியது. இரண்டு வருடத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. அதுவரை நான் அந்த வீட்டில் ஒரு தளபாடம் மாதிரி.

விஷயம் இதுதான். அவரிடம் இரண்டு துவக்கு இருந்தது. கழகத்தில் கடதாசி சுடுவதற்கு மெல்லிய சத்தம் போடுகிற சின்னத் துவக்கு. நரிக்கு, தோளில் உதைக்கிற பெரிய துவக்கு. துவக்குக்கு மேலே பூட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், பழசாகிவிட்டது. இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டக்கூடிய ஒரே ஸ்கோப்பாக வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?

"அதை என்னிடம் விடுங்கள்," என்றேன். துவக்கை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் தம்பிக்குத் தண்ணீர் பீச்சுகிற பிளாஸ்டிக் துவக்குக்கூட, யுத்தத்துக்குத் தப்பி இங்கே வந்த அப்பா வாங்கிக் கொடுத்ததில்லை. அதனால் வீட்டில் கேட்டதற்கு, மத்தியாஸின் அப்பாவுக்குப் பறவை பார்க்கிற கண்ணாடி தேடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

பிறகு தினமும் வேலையால் வந்ததும் இணையத்தில் உட்கார்ந்தேன். உலகத்தில் இத்தனை பேர் ஸ்கோப்புக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கடதாசி சுடுகிறவனுக்கு உருப்பெருக்கம் கூடுதலாக வேண்டும், குறுக்குக் கோடு மயிர் போல மெல்லிசாக இருக்க வேண்டும். நரி சுடுகிறவனுக்கு உருப்பெருக்கம் குறைவாக, பார்வை அகலமாக, மம்மல் பொழுதின் மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கூடாது. அறிவுள்ளவர்களெல்லாம் கடைசியில் இரண்டு ஸ்கோப் வாங்கச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தூரமும் கிட்டவும் ஒரே கண்ணாடியில் தெரிய வைத்துத் தினமும் வயதானவர்களை வீட்டுக்கு அனுப்புகிறவள் நான். எனக்குக் கடதாசியும் நரியும் எம்மாத்திரம்?

கொலோனில் வேட்டைச் சாமான் கடைக்கு ஹெல்முட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். "இது நரிக்கு, இது கடதாசிக்கு."

நான் இரண்டையும் தள்ளிவிட்டு, கண்ணாடி அலுமாரியில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டினேன். எட்டு மடங்கிலிருந்து முப்பத்திரண்டு மடங்கு வரை திருகலாம். வாழைக்குற்றி மாதிரி ஒரு சாமான்.

"அது சின்னத் துவக்குக்குச் சரி," என்று கடைக்காரர் தொடங்கினார். "பெரிய துவக்கென்றால் கண்ணுக்கும் குழாய்க்கும் நடுவே..."

"நான் கண்ணாடித்துறையில் படித்தவள்," என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஜேர்மனியில் இது ஒரு மந்திரம். முறையாக அவுஸ்பில்டுங் செய்த ஒருவர் சொல்லிவிட்டால், வேட்டையில் முப்பது வருடப் பழக்கம் உள்ளவரும் மறுபேச்சுப் பேச மாட்டார். ஹெல்முட் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

முதல் சனிக்கிழமை கழகத்தில் பூரண வெற்றி. சின்னத் துவக்கில் பூட்டிச் சுட்டார். ஓட்டைகளெல்லாம் நடுவட்டத்துக்குள் ஒன்றுக்குமேல் ஒன்றாக விழுந்தன. கழகத்துக் கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணை வைத்துப் பார்த்து "ஓஹோ" என்றார்கள். யார் எடுத்துத் தந்தது என்று ஒருவர் கேட்டார். ஹெல்முட் என்னைக் காட்டி, "மத்தியாஸின் சிநேகிதி. துறைக்காரி," என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அன்றிரவே மத்தியாஸின் அம்மா றெனாட்டா போன் எடுத்து, கழகத் திருவிழா முடிந்ததும் ஹெல்முட்டை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னா. நான் அம்மாவிடம் சொல்ல, அம்மா அந்த நிமிஷமே ரோல்ஸுக்கு இறைச்சி எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டா. அத்தோடு நான் வாயையும் கையையும் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

திருவிழாவுக்கு முந்திய வியாழக்கிழமை, பின்னேரம், ஹெல்முட் ஸ்கோப்பைப் பெரிய துவக்கில் பூட்டினார். தன் வேட்டைக் காட்டின் ஓரத்தில், மண் மேட்டில் ஒரு பலகையைச் சாத்தி, குறி சரியாக இருக்கிறதா என்று பரீட்சித்துப் பார்க்கவேண்டும். என்னையும் வரச் சொன்னார். (பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.)

முதலில் வேலிக் கட்டையில் இருந்த ஒரு காகத்தைப் பார்க்க முயன்றார். முப்பத்திரண்டு மடங்கில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அது காகத்தின் வயிறா, மரத்தின் முடிச்சா என்று இருவரும் விவாதித்து முடிப்பதற்குள் காகம் போய்விட்டது. பிறகு பலகையைக் குறிபார்த்தார். அந்த ஸ்கோப்பில் படம் முழுதாகத் தெரியக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். பாவம் மனிதர், ஆமை மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தார்.

என் கை பரபரத்தது. கழுத்து நோகும்படி ஒருவர் கண்ணாடி போட்டால் நாங்கள் என்ன செய்வோம்? கண்ணாடியை அவருக்கு ஏற்றபடி நகர்த்துவோம்.

"கழுத்தை நீட்டாதீர்கள். இதை உங்கள் பக்கம் இழுத்துவிடலாம்."

திருகாணிகளைத் தளர்த்தி, ஸ்கோப்பை இரண்டு விரல் அகலம் பின்னுக்கு இழுத்து இறுக்கினோம். அத்தோடு விட்டேனா? "உங்கள் கண்ணாடியையும் கழற்றுங்கள். உங்கள் பவருக்கு இதன் பின்பக்கத்தைத் திருகி வைத்திருக்கிறேன்," என்றேன். அவர் கழற்றினார். கண்ணை வைத்தார். "அருமை! முழுதும் தெரிகிறது," என்றார்.

டமார்!

பெரிய துவக்கு உதைக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். உதைத்தால் மேலே இருக்கிற ஸ்கோப்பும் சேர்ந்து பின்னுக்கு வரும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. குழாயின் இரும்பு விளிம்பு நேரே வந்து அவருடைய வலது புருவத்துக்கு மேலே அச்சாகப் பதிந்தது. மூன்றாம் பிறை. இரத்தம் மூக்கு வழியாக வழிந்தது.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கென்ன விசரா?"

இரண்டு வருடமாக என்னை "நீங்கள்" என்றே கூப்பிட்டவர். இந்த நாட்டில் மாமனார் மருமகளை "நீ" என்று அழைக்கத் தொடங்குவது சின்ன விஷயமில்லை. மதுக் கிளாஸை உயர்த்தி, கை குலுக்கி, ஒரு சடங்கு மாதிரிச் செய்வார்கள். என்னுடைய சடங்கு இப்படி நடந்தது.

பையில் வேறொன்றும் இல்லாததால், லென்ஸ் துடைக்கிற துணியால் காயத்தைப் பொத்திக்கொண்டு "ஐயோ, மன்னியுங்கோ, மன்னியுங்கோ" என்று தமிழில் புலம்பினேன். அந்த நேரம் பார்த்து மண் மேட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு நரி வெளியே வந்தது. பலகையை முகர்ந்தது. எங்களைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து காதைச் சொறிந்தது. ஹெல்முட்டின் கை துவக்குப் பக்கம் போனது. ஸ்கோப்பைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

ஊர் வைத்தியரும் அதே கழகத்து ஆள். தையல் போடும்போதே அவருடைய தோள் குலுங்கியது.

"வைத்தியர் இரகசியம் காக்க வேண்டும்," என்று ஹெல்முட் உறுமினார்.

"காப்பேன். சிரிக்கக் கூடாதென்று சட்டமில்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேட்டைக்காரர்கள் மத்தியில் அந்தப் பிறைக்காயம் துவக்குப் பிடிக்கத் தெரியாத முதலாம் வருடப் பொடியனுக்கு வருவது. சனிக்கிழமை திருவிழா ஊர்வலத்தில் கழகக் கொடியைப் பிடித்து முன்னால் நடக்கவேண்டியவர் ஹெல்முட். முழு ஊரும் பார்த்துச் சிரிக்கும். இனி இந்த மனிதர் எங்கள் வீட்டுப்படி ஏறுவாரா? கலியாணம் அவ்வளவுதான் என்று வழியெல்லாம் கண்ணீர் விட்டுக்கொண்டு அவருடைய ஜீப்பை ஓட்டினேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் றெனாட்டாவிடம் சொன்னார்: "சனிக்கிழமை நான் ஊரில் இருக்க மாட்டேன். நாங்கள் பான் போகிறோம். இவளுடைய பெற்றோரைப் பார்க்க."

ஊர்ச் சிரிப்புக்குப் பயந்து ஓடுவதற்கு அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை!

சனிக்கிழமை வந்தார்கள். வேட்டைக்காரர்களின் பச்சைத் தொப்பியை ஹெல்முட் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றவில்லை. அம்மா ரோல்ஸ் நீட்டினா, தேத்தண்ணி கொடுத்தா, தொப்பி அசையவில்லை. அப்பாவின் முகம் சிறுத்துக்கொண்டு போனது.

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தா. "என்னடி உது? தொப்பியோட இருக்கிறார். அப்பாவை மதிக்கேல்லையோ?"

நான் பதில் சொல்வதற்குள் முன்னறையில் றெனாட்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. எட்டித் தொப்பியை எடுத்துவிட்டா. தையலும் வீக்கமும் ஊதா நிறமுமாகப் பிறை வெளியே வந்தது.

அப்பா பதறிப்போனார். "என்ன நடந்தது?"

"அலுமாரிக் கதவு இடிச்சுப் போட்டுது, அப்பா," என்றேன் நான் ஓடிவந்து.

ஹெல்முட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தில் பொய்யைக் கண்டுவிட்டார். அப்பா இருபது வருடம் தொழிற்சாலையில் டொச் மொழி கேட்டுப் பழகியவர், அதனால் ஹெல்முட் நேரே அவரிடமே சொன்னார். துவக்கை எடுத்ததையும், நான் இழுத்து வைத்ததையும், டமாரையும் கையால் நடித்தே காட்டினார். துவக்கு என்றதும் அம்மா அப்பாவைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

அப்பா என்னிடம் திரும்பினார். "சுட்டவருக்கே அடிச்சதோ?"

"ஓம், அப்பா."

அப்பாவின் உதடு துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:

"எல்லாத் துவக்கும் இப்பிடிச் சுடுறவனையே திருப்பி அடிச்சிருந்தால், பிள்ளை, நாங்கள் ஏன் ஊரை விட்டு வந்திருக்கப் போறம்?"

அதையே ஹெல்முட்டுக்கு டொச்சிலும் சொன்னார். ஹெல்முட் சிரிக்கவில்லை. கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். "உங்கள் மகளை எங்கள் மகனுக்குத் தருவீர்களா? ஆனால் ஒன்று, எங்கள் வீட்டில் திருகாணி திருப்பும் சாமானையெல்லாம் இவளிடமிருந்து ஒளித்து வைப்போம்."

அப்பா "ஓம்" என்று சொன்னார். நான் குசினிக்குள் போய், ரோல்ஸ் தட்டோடு நின்று நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிறகு ஹெல்முட் மாமா நரிக்கென்று தனியாக ஒரு ஸ்கோப் தானே போய் வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. நான் இப்போது பானில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன், ஊரில் நல்ல பெயர். மாமா கிழமைக்கொரு தடவை வந்து, என் கோப்பியைக் குடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்காட்டி வாடிக்கையாளர்களிடம் என்னை வாய் நிறையப் புகழ்வார். புகழ்ந்து முடித்துவிட்டு, தனக்குக் கண்ணாடி வேண்டிய நாளில் தெருவைக் கடந்து போய், எதிர்க்கடையில் எடுப்பார்.