என் காதும் ஒரு நீல வயரும்

என் காது மற்றவர்களுடைய காது போன்றதல்ல என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். (காது அப்படியேதான் இருக்கிறது. நம்பிக்கைதான் போய்விட்டது.) போன இடம் எங்கள் வீட்டு ஹோல். போன நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தங்கச்சி தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் அம்மாவும் தர்ஷினியும் நானும் இருந்தோம். கீழே ரயில் போனால் அலுமாரிக்குள் கண்ணாடிக் குவளைகள் எல்லாம் கிணுகிணுக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, பாட்டு யூஎஸ்பி வயரால் வந்தால் ஒரு ருசி, நெட்வேர்க் வயரால் வந்தால் வேறொரு ருசி என்று கண்டுபிடித்தவன் நான்.

லப்டொப்பை யூஎஸ்பி வயரால் அம்பிளிஃபயரில் பூட்டியிருந்தேன். அதற்குப் பக்கத்தில், இணையத்திலிருந்து பாட்டு எடுத்துத் தரும் சின்னப் பெட்டி ஒன்று. அது வைஃபையில் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் யார் யாரோ எழுதியதையெல்லாம் வாசித்து எனக்கு அறிவு முற்றிவிட்டது. அறைக்குள் இருந்த ரவுட்டரிலிருந்து ஹோலில் இருந்த அந்தப் பெட்டி வரைக்கும் ஒரு நெட்வேர்க் வயர் இழுத்தேன். விரல் தடிப்பு, நீல நிறம், மேலே வரிசையாக அம்புக்குறிகள். பாட்டு போக வேண்டிய திசையாம். (மாறிப் பூட்டினால் பாடகர் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார் என்று பயந்தேனோ என்னவோ.) வயர் தரையில் பட்டால் ஒலி கெடும் என்றும் வாசித்திருந்தபடியால், கரம்போட் ஆட்டக் காய்களை மும்மூன்றாக அடுக்கி, அதன் மேல் வயரைப் படுக்க வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒலியில் ஒரு வெதுவெதுப்பு வந்துவிட்டதாக அறிவித்தேன். பாட்டு நிற்கும்போதுகூட 'ம்ம்ம்' என்று மெல்லிய அடிநாதம் கேட்டது. அதுதான் தரம் என்று தர்ஷினிக்கு விளக்கினேன். அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவதாக இருந்தது. அம்மா விடியவே எச்சரித்தார்.

"தம்பி, வாறவையோட நாட்டு நடப்பைக் கதை, மழையைப் பற்றிக் கதை. அந்த ஸ்பீக்கரைப் பற்றி மட்டும் வாயைத் திறந்திடாதை. மூண்டு சம்பந்தத்தை இவள் வேண்டாம் எண்டிட்டாள். இதையாவது நீ கெடுக்காமல் இரு."

நாலு மணிக்கு நிரோஷனும் அவருடைய தாயாரும் வந்தார்கள். தாயார் உள்ளே வைத்த மூன்றாவது அடியில் கரம்போட் காய்கள் நாலு பக்கமும் சிதறி ஓடின.

"ஐயோ, பிள்ளையள் விளையாடிப்போட்டு விட்டிட்டுதுகள்," என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் பிள்ளைகளே இல்லை என்பது அந்தத் தாயாருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு முறை சந்தேகத்தோடு தர்ஷினியைப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மீன் வைத்துப் பொரித்த பற்றிஸும் தேத்தண்ணியும் வந்தன. மழையைப் பற்றிக் கதைத்தோம். மழை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"தம்பி என்ன வேலை செய்யிறீங்கள்?" என்றேன், தெரிந்ததையே.

"நெட்வேர்க் இன்ஜினியர், அண்ணா."

அம்மா கண்ணால் ஏதோ சொன்னார். அதற்குள் என் கை தானாகவே நீல வயரைக் காட்டிவிட்டது.

"அப்ப இதின்ர அருமை உங்களுக்கு விளங்கும். யூஎஸ்பியை விட இதில எவ்வளவு வித்தியாசம் தெரியுமோ?"

நிரோஷன் பற்றிஸை மென்று முடிக்கும் வரை யோசித்தார். "பாட்டு பிழையில்லாமல் வந்து சேர்ந்தால் எதால வந்தாலும் ஒண்டுதானே அண்ணா. வயர் பாட்டை மாத்தாது." மிகவும் தணிந்த குரல். மன்னிப்புக் கேட்பது போலத்தான் சொன்னார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒன்று, சொன்னது என் வீட்டில் என் பற்றிஸைச் சாப்பிட்ட மனிதர். இரண்டு, தர்ஷினி அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கண்ணை மூடிறன். நீங்கள் மாத்தி மாத்திப் போடுங்கோ. ஒவ்வொரு தரமும் எது எண்டு சொல்லுறன்."

"வேண்டாம் அண்ணா..."

"பயப்பிடாதேங்கோ."

(இதைச் சொன்னது நான். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

ஒரு புல்லாங்குழல் இசையைப் பெட்டியில் ஓடவிட்டு, அதையே லப்டொப்பிலும் எடுத்து வைத்தேன். நிரோஷன் வேறு வழியில்லாமல் மேசைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு போனார். நான் ஹோலின் நடுவில் கதிரை போட்டு, முதுகை நிமிர்த்தி, தியானத்தில் இருப்பவன் மாதிரிக் கண்ணை மூடினேன்.

"ஆ! இது நெட்வேர்க் வயர். காற்றோட்டம் தெரியுதோ? குழலைச் சுற்றி ஒரு வெளி இருக்கு."

இசை நின்று மறுபடி தொடங்கியது.

"இது யூஎஸ்பி. ஓரமெல்லாம் சொரசொரப்பு. குழல் சளி பிடிச்ச மாதிரி."

யாரோ கதிரையில் நெளியும் சத்தம். மறுபடி நின்று தொடங்கியது. சபை என் காதில் மயங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. குரலைத் தாழ்த்தினேன்.

"இது... நெட்வேர்க் வயரேதான். வயர் இப்பதான் முழுசா உயிர் பிடிச்சிருக்கு. வெதுவெதுப்பைக் கேளுங்கோ."

கண்ணைத் திறந்தேன். நிரோஷன் நீல வயரின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார். புல்லாங்குழல் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மூண்டும் சரி அண்ணா," என்றார் நிரோஷன். முகம் சிவந்திருந்தது.

அவருடைய தாயார் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்ப ஏன் நிரோஷன் அந்த வயரைத் தொடக்கத்தில இருந்து கையிலயே வைச்சிருக்கிறாய்?"

முதலில் சிரித்தது தர்ஷினி. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அம்மா. கடைசியில் அந்தத் தாயாரும், விளங்கியோ விளங்காமலோ.

நிரோஷனுக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் போகும்போது கால் தட்டி வயர் கழன்றுவிட்டதாம். ஆனால் பெட்டி முழுப் பாட்டையும் முன்னமே எடுத்து வைத்திருந்தபடியால் இசை நிற்கவில்லை. "சொல்ல வாயெடுத்தனான் அண்ணா. அதுக்குள்ள நீங்கள் காற்றோட்டம் எண்டு தொடங்கிட்டீங்கள். பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டனான், அவ்வளவுதான்."

அதோடு விட்டிருக்கலாம். என்னைத் தேற்றுவதற்காக அவர், "ஆனா அண்ணா, ஒரு இரைச்சல் உண்மையாவே இருக்கு," என்று குனிந்து லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றினார். சார்ஜரின் இரைச்சல் யூஎஸ்பி வயர் வழியாக அம்பிளிஃபயருக்குள் ஏறிக்கொண்டிருந்ததாம். என் வெதுவெதுப்பு அந்த நொடியில் செத்துப்போனது.

அம்மா எழுந்தே விட்டார். "இதுவோ அந்தச் சத்தம்! பிரிட்ஜ் எண்டு நினைச்சு ரெண்டு தரம் ஆளைக் கூப்பிட்டுத் திருத்தினனானே!"

அவர்கள் போன பிறகு அம்மா என்னைத் திரும்பியும் பார்க்காமல் சமையலறைக்குள் போனார். சம்பந்தம் சரிவராது என்று அம்மாவும் நானும் முடிவு கட்டியிருந்தோம். நான் கரம்போட் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிவப்புக் காய் மட்டும் கிடைக்கவில்லை. தர்ஷினி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அம்மாட்டச் சொல்லு, எனக்கு ஓம் எண்டு."

"விசரே உனக்கு? என்னை அப்பிடி மானம் கெடுத்தின மனுசன்!"

"அவர் கெடுக்கேல்லை அண்ணா. உன்ர மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்லிப் பாத்தார். பொய் சொல்லவும் தெரியேல்லை. எனக்கு அது போதும்."

மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. அவர்களுக்கும் முழுச் சம்மதம். பிறகு அந்தத் தாயார் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டாராம்: "உங்கட மகன்ர காதை ஆருக்கும் காட்டினீங்களோ? எங்கட பக்கத்தில நல்ல காது டொக்டர் ஒருத்தர் இருக்கிறார்."

கல்யாணம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் குடும்பத்தில் யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரிச் சொன்னால், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆ, காற்றோட்டம்!" என்பார்கள். பெரும்பாலும் அது எனக்குத்தான் கிடைக்கும். ஆனால் போன மாதம் நிரோஷன் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "மாமியின்ர கைப்பக்குவம் தனி. ஒரு சொட்டிலயே சொல்லிடுவன்," என்றார்.

அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கடையில வாங்கினது."

அந்த மேசையில் முதலில் கண்ணை மூடியவன் நான்தான்.