போர்டு பாயும் ஐந்தாவது லாரியும்

மரக்காணத்தில் செஸ்ஸைப் பற்றி போர்டு பாய்க்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. செஸ் ஆட மட்டும் அவருக்குத் தெரியாது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரின் ரேட்டிங்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யார் கறுப்புக் காயில் திணறுவார், நேரம் குறைந்தால் யார் நகம் கடிப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. பலகையை எதிரே வைத்தால் யானையைக் குறுக்கே ஓட்டுவார். கேட்டால், "கிரிக்கெட் பாக்குறவன்லாம் பேட் புடிச்சவனா?" என்பார்.

உப்பு லாரி புக்கிங் ஆபீஸ் அவருடையது. கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். துபாயிலிருந்து மகன் அனுப்பிய பெரிய போனை மேஜைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு நேரலையில் ஆட்டம் பார்ப்பார். திரையின் ஓரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் வெள்ளை-கறுப்புப் பட்டை ஒன்று ஏறி இறங்கும். பாய் பார்ப்பது அதை மட்டும்தான், காய்களின் பக்கமே கண் போகாது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான் அவருடைய ஒரே ரசிகன். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு, எனக்கு வேறு வழியில்லை.

பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். உலக நாடுகள் அணி அணியாக மோதும் போட்டியில் நாலு போர்டில் நாலு பேர் ஆடுவார்கள், ஐந்தாவது ஆள் ரிசர்வில் உட்கார்ந்திருப்பார். இது தெரிந்த நாளிலிருந்து பாய் தன் ஐந்து லாரிகளையும் ஓர் அணியாக்கிவிட்டார். காலையில் டிரைவர்களை வரிசையில் நிற்கவைத்து அறிவிப்பார்.

"முதல் போர்டு, திண்டிவனம் லோடு. ரெண்டாவது போர்டு, பாண்டி. முருகேசா, இன்னிக்கு நீ ரிசர்வு."

"நேத்தும் நான்தானே பாய் ரிசர்வு?"

"உனக்கு ஃபார்ம் இல்லப்பா. ரிவர்ஸ் எடுக்கும்போது வரப்பை இடிச்சிட்டியே."

"லாரிக்கு என்னா பாய் ஃபார்மு?"

"டேய், கேப்டன்கிட்ட எதிர்த்துப் பேசாதே."

அந்த வருஷ உலகப் போட்டியில் இந்தியா அசத்திக்கொண்டிருந்தது. ஒரு சுற்றின் நடுவே பாய் டீ வாங்க எழுந்து போனார், திரும்பி வருவதற்குள் நம் ஆள் ஒருவர் தோற்றிருந்தார். அவ்வளவுதான். இந்தியா ஆடும்போது தான் நாற்காலியை விட்டு எழுந்தால் இந்தியா காலி என்று முடிவு கட்டிவிட்டார். ஆட்டம் உள்ள நாட்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். காரணம் உங்களுக்கே தெரியும்.

கடைசிச் சுற்று வந்தது. ஜெயித்தால் தங்கம். பாய் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குமேல் வானம் கறுத்தது. உப்பளத்திலிருந்து அஞ்சலை ஓடிவந்தார். கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர் அவர். சீசனில் மிஞ்சிய உப்பு முழுக்க வரப்பின்மேல் குவிந்து கிடந்தது. மூடுவதற்குச் சொல்லியிருந்த கீற்றும் வந்து சேரவில்லை.

"பாய், மழை வருது. ஒரு லாரி குடுங்க. கரைஞ்சி போச்சின்னா குத்தகை கட்ட வழியில்ல எனக்கு."

"நாலும் லோடு போயிருக்குது. ரிசர்வு நிக்குது பாரு, முருகேசனைக் கூப்பிடு."

முருகேசன் இல்லை. வாரம் முழுக்க ரிசர்விலேயே உட்காரவைத்த கோபத்தில், சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இரும்பை கிராமத்திலுள்ள மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். போனையும் அணைத்து வைத்திருந்தான். அங்கே வேறு ஒருவருக்கு லாரி ஓட்டத் தெரியும். அவர் நாற்காலியில் இருந்தார்.

"நான் எழுந்தா தங்கம் போயிடும் அஞ்சலை."

"நீங்க எழுந்திருக்கலைன்னா என் உப்பு போயிடும் பாய்."

பாய் பட்டையைப் பார்த்தார். இந்தியாவின் பக்கம் ஒரு நூலளவு ஏறியிருந்தது. வெளியே இடி இடித்தது. "யா அல்லா, நாட்டை வித்துட்டேன்" என்று சொல்லி எழுந்தார். போனை என் கையில் திணித்தார்.

"நீயும் வா. பாத்துக்கினே இரு. கடைசிக் கூடை ஏறுற வரைக்கும் என்கிட்ட ஒண்ணும் சொல்லாதே."

பல வருஷத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர், முருகேசன் இடித்த அதே வரப்பை இன்னொரு முறை இடித்துத்தான் லாரியை நிறுத்தினார். பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் லாரிமேல் நின்று வாங்கி வாங்கிக் கொட்டினார். நான் வரப்பில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் போர்டில் ஜெயித்தோம். என் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

"மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புடா!"

திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தங்கமே வந்துவிட்டது. நாடே கத்திக்கொண்டிருந்தபோது, நான் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தபடி துக்க வீட்டுக்கு வந்தவன்போல் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமாக நான் எதையும் அடக்கியதில்லை.

தார்ப்பாயின் கடைசி முடிச்சைப் போடும்போது மழை பிடித்துக்கொண்டது. "பாய், ஜெயிச்சாச்சு! தங்கம்!" என்று கத்தினேன்.

"ஆறுதலுக்குச் சொல்லாதே."

போனைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அப்படியே உப்புச் சேற்றில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். திடீரென்று நிறுத்தினார்.

"நான் எழுந்தப்புறம்தான் ஜெயிச்சாங்களா? அப்போ இத்தனை நாளா உக்காந்து கெடுத்தது நான்தானா?"

"இனிமே ஆட்டம் நடக்கச்சொல்ல உக்காரவே உக்காராதீங்க பாய்" என்றார் அஞ்சலை.

இன்றுவரை இந்தியா ஆடும்போது பாய் நின்றுகொண்டுதான் பார்க்கிறார். முட்டி வலிக்குக் கோட்டக்குப்பத்து டாக்டர் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

நானும் இதைச் சொல்லிப் பல பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த மனுஷர், தான் எழுந்ததால் நாட்டுக்கு வரவேண்டிய தங்கம் போய்விட்டது என்று சத்தியமாக நம்பினார். நம்பிக்கொண்டேதான் அஞ்சலையின் உப்பில் ஒரு கூடை விடாமல் ஏற்றினார். அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.