விரிப்பின் மறுமுனை

உழைப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு உலகத்துச் சிந்தனையாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டும் விடை காணவில்லை. எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேசைமேல் வைத்த தேநீர் ஆறுவதற்குள் அந்த விடை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் எங்கள் ஆலோசகர். தேநீரும் அவருடையதுதான்.

அந்தப் பொன்னான நேரத்தில் நானும் அறையில் இருந்தேன். அலுவலகத்தில் தட்டச்சு செய்வது என் வேலை. மாலையில் நிர்வாக வகுப்புக்குப் போகிறேன். எதையும் முதலில் வரையறு, பிறகு ஆராய் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். வரையறுப்பது எனக்கு வந்துவிடுகிறது. ஆராய ஆரம்பித்தால்தான் சந்தேகமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே இதில் எதையாவது நான் பிசகாகப் புரிந்துகொண்டிருந்தால் அது என் குறை. ஆலோசகருக்கு அதில் பங்கில்லை.

நிலைமை இதுதான். அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி ஆணை போட்டிருந்தது. 'செய்யும் வேலையின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும்' அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். இந்தச் செய்தியால் முதலில் கெட்டுப்போனவள் என் அக்கா. அவள் பகலில் எங்கள் கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். விடிவதற்கு முன்னால் ஒரு வங்கியில் தரை துடைக்கிறாள். ஆணை வந்த மறுநாளே வங்கிக்குப் போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"இனிமே இங்க வர்ற கூலியே போதும்டி. காலையில மக தலைய நானே பின்னி விடுவேன். அவ முடி சுருட்டையா நேரான்னே மறந்து போச்சு" என்றாள்.

எங்கள் முதலாளி சட்டத்தை மதிக்கிறவர். அதை அவரே கூட்டம் கூட்டிச் சொன்னார். "சட்டம்னா சட்டம்தான். ஒரு வரி மீறக்கூடாது. அதே சமயம் கையிலேருந்து ஒண்ணும் போயிடவும் கூடாது. இதுக்கு நடுவுல வழி இருக்கணும்." அந்த வழியைக் காட்டத்தான் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார்.

ஆலோசகர் கூடத்தைத் தீவிரமாக ஆய்வு செய்தார். உள்ளே சூடு அதிகம் என்பதால் அலுவலக அறை வாசலில் நின்றபடி ஆய்வு செய்தார். கூடத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய உருளை இயந்திரத்திலிருந்து ஓட்டல் படுக்கை விரிப்புகள் தேய்க்கப்பட்டு ஆவி பறக்க வெளியே வரும். முன்னும் பின்னும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, உதறுவார்கள். பிறகு ஒருத்தி அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவள் தன் முனையோடு நடந்து வந்து இவள் கையில் சேர்ப்பாள். அக்கா உயரம். அவள் பிடித்தால் விரிப்பு தரையைத் தொடாது. அதனால் நிற்பது அவள். அவளுடைய ஜோடி குள்ளம், நடப்பது அவள். அந்தக் குள்ளப் பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். யாரும் திருகாமலே பேசுவாள், அணைக்க வழி கிடையாது.

"அந்த உயரமான அம்மா என்ன செய்யறாங்க?" என்று கேட்டார் ஆலோசகர்.

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றார் முதலாளி.

"அதாவது, நிக்கிறாங்க."

முதலாளி முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது.

"சட்டம் வேலைக்குக் கூலி குடுக்கச் சொல்லுது. நிக்கிறதுக்குக் குடுன்னு எங்கயும் சொல்லலயே" என்றார் ஆலோசகர். தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அது இன்னும் சூடாகவே இருந்தது.

அன்றைக்கே சுற்றறிக்கை தயாராயிற்று. நானேதான் தட்டச்சு செய்தேன். நடப்பவர் இனி 'மடிப்பாளர்'. அவருக்குப் புதிய கூலி முழுமையாக உண்டு. நிற்பவர் 'முனைத் துணைவர்'. அவர் செய்வது வேலை அல்ல, 'உடனிருப்பு'. ஆகவே அவருக்குக் கூலியில் பாதி, 'உடனிருப்புப் படி' என்ற பெயரில் அன்போடு வழங்கப்படும்.

வகுப்புப் பழக்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். "சார், ஒரு முனைய யாரும் பிடிக்கலன்னா மறுமுனைய எப்படி மடிக்கிறது?"

"அருமையான கேள்வி" என்றார் ஆலோசகர். "இந்த மாதிரி கேள்விதான் நிறுவனங்களோட வளர்ச்சியத் தடுக்குது."

நான் அடித்துத் திருத்தாமல் சுத்தமாக முடித்துக் கொடுத்தேன்.

பலகையில் ஒட்டியதை அக்கா நின்று படித்தாள். "முனைத் துணைவர்னா பதவி உயர்வாடி?"

"இல்லக்கா. பாதி."

"பேங்க்ல என் எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்களேடி" என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. பேசாத அக்கா பக்கத்தில் நடப்பது எப்படி இருக்கும் என்பதற்கு வகுப்பில் வரையறை எதுவும் கொடுக்கவில்லை.

மறுநாள் ரேடியோ ஒரு திட்டத்தோடு வந்தாள். "நடந்தாத்தான வேலை? நீயும் நட. காலு என்ன அடமானத்துலயா இருக்கு?"

திட்டம் கூடம் முழுக்கப் பரவியது. அன்று யாருமே நிற்கவில்லை. எல்லா ஜோடிகளும் விரிப்போடு இரு பக்கமிருந்தும் நடந்து, நடுவில் சந்தித்து, நலம் விசாரித்துக்கொண்டு திரும்பின. நடுவில் தொங்கிய விரிப்புகள் தரையைப் பெருக்கின. கூடம் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆலோசகர் அசரவில்லை. மடிப்பில் முடியாத நடை வெறும் 'உடற்பயிற்சி' என்றும், வெளியில் இதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள், நிறுவனம் இலவசமாகத் தருகிறது என்றும் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது.

அதைப் படித்துவிட்டு அக்கா நேராகப் போய் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா உக்காந்துட்ட?"

"நின்னாலும் வேலை இல்ல, உக்காந்தாலும் வேலை இல்லன்னு ஆயிடுச்சு சார். கால் வலிக்காதது எதுன்னு பாத்து எடுத்துக்கிட்டேன். உங்ககூட இங்கதான இருக்கேன். உடனிருப்புக்கு ஒரு கொறையும் வராது."

மற்ற முனைத் துணைவர்களும் ஆளுக்கொரு முக்காலி தேடிக்கொண்டார்கள். முக்காலி கிடைக்காதவர்கள் அழுக்கு மூட்டைகளின் மேல் உடனிருந்தார்கள். மடிப்பாளர்கள் தனியாக மடிக்கப் பார்த்தார்கள். ரேடியோ ஒரு முனையைக் கையிலும் மறுமுனையைப் பல்லிலும் பிடித்துக்கொண்டாள். எங்கள் கூடத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒலிபரப்பு நின்றது.

ஆனால் உருளை இயந்திரத்துக்குச் சுற்றறிக்கை படிக்கத் தெரியாது. அது விரிப்புகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வெளியே ஓட்டல் லாரி காத்திருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானில் வைத்த கையை எடுக்கவில்லை.

"சட்டுனு மடிங்கம்மா" என்றார் முதலாளி.

ரேடியோ பல்லைக் காட்ட முடியாத நிலையில் கண்ணைக் காட்டினாள். முதலாளி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவள் வாயிலிருந்த முனையைத் தானே வாங்கிப் பிடித்தார். ஒரு விரிப்பு, இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வாய் விடுதலையானதும் ரேடியோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "உசத்திப் பிடிங்க முதலாளி. இன்னும் உசத்தி. தரையில படுது பாருங்க. இதுக்குத்தான் உயரமானவங்கள வெச்சுக்கணும்ங்கிறது."

அப்போதுதான் தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா உள்ளே வந்தார். ரேடியோவின் ஒலிபரப்பு அந்த அலுவலகம் வரை எட்டும் என்று ஆலோசகர் கணக்குப் போட்டிருக்கவில்லை.

"இங்க பிடிச்சு நிக்கிறவங்களுக்குப் பாதிதான் குடுக்கறதா கேள்விப்பட்டேன். முதலாளி யாரு?"

"நான்தான் மேடம். கொஞ்சம் இருங்க, வேலையா இருக்கேன்."

"என்ன வேலை?"

"பாத்தா தெரியலயா? பிடிச்சிட்டிருக்கேன். விட்டா கீழ விழும், மறுபடி முதல்லேருந்து துவைக்கணும். தோள்பட்டை கழண்டு போகுது, நீங்க வேற."

ஆலோசகர் வாசலிலிருந்து பதறிக் குரல் கொடுத்தார். "சார், நீங்க வேலை செய்யல. உடனிருக்கீங்க."

"யோவ், வந்து ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாருய்யா. அப்புறம் சொல்லு இது வேலையா இல்லையான்னு."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "இது வேலைதான்னு முதலாளியே சொல்றார். எழுதிக்கலாமில்ல?"

முதலாளி ஆய்வாளரைப் பார்த்தார். ஆலோசகரைப் பார்த்தார். கையை ஆட்டாமல் அவருக்கு மறுத்துப் பேச வராது; கையை ஆட்டினால் விரிப்பு விழுந்துவிடும். வெளியே லாரி இன்னொரு முறை அலறியது.

"எழுதிக்கங்க" என்றார்.

சுற்றறிக்கைகள் இரண்டும் திரும்பப் பெறப்பட்டன என்று சொல்வது சரியல்ல. அவை 'மேம்படுத்தப்பட்டன' என்று தட்டச்சு செய்யும்படி ஆலோசகர் சொன்னார். மேம்பாட்டின்படி பிடிப்பவருக்கும் நடப்பவருக்கும் ஒரே கூலி, ஆணையில் உள்ளபடி. அக்கா இப்போது விடிந்த பிறகே எழுந்திருக்கிறாள். மகள் முடி சுருட்டைதானாம். பின்னி முடிப்பதற்குள் இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

அன்று நடந்தது வீணாகிவிடக் கூடாது என்று ஆலோசகர் முதலாளியைப் புகைப்படமும் எடுத்து வைத்திருந்தார். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். கீழே 'உழைப்புக்குத் தோள் கொடுக்கும் தலைவர்' என்ற வாசகம். அதுவும் என் தட்டச்சுதான். எதிரே நின்ற ரேடியோவுக்குப் படத்தில் இடம் போதவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று வியந்துவிட்டுப் போகிறார்கள். நானும் தினமும் பார்க்கிறேன். ஒற்றை ஆளாக முதலாளி ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். மறுமுனை, யாரும் பிடிக்காமலே, தரையில் விழாமல் அந்தரத்தில் நிற்கிறது.