சனிக்கிழமை சொல்லாத வாழ்த்து

கோப்பிங்கன்,
ஞாயிறு மாலை

மாலைநேர ஆங்கில வகுப்பின் ஆசிரியை திருமதி ஹேபர்லே அவர்கள் சமூகத்துக்கு,

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் கெரோல்ஃப் ஸைபோல்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பூனையும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமில்லை. இந்த வாரம் முதல் வகுப்பிலிருந்து நின்றுகொள்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

குறை தங்கள்மேல் இல்லை. ஏழு மாதமாக என்னோடு தாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் நாளே, "தி கையைக் கழுவினேன்" என்று சொல்ல வந்தவனை நிறுத்தி, "மை" போடுங்கள், "என் கை" என்று சொல்லுங்கள் என்றீர்கள். நம் ஜெர்மனில் "தி கை" என்றாலே போதும், பிறத்தியார் கையை யார் போய்க் கழுவுகிறார்கள்? இங்கிலீஷ்காரனுக்கு எல்லாவற்றுக்கும் உரிமை கொண்டாடணும், என் கை, என் மூக்கு, என் சட்டைப்பை, முழங்கால் வலித்தால்கூட யாருடைய முழங்கால் என்று சொல்லியாகணும். வலி எனக்குத்தானே டீச்சர், பக்கத்து வீட்டுக்காரனுக்கா? அதுகூடப் போகட்டும். நான் ரயில் ஓட்டுநர் என்று சொல்ல, நடுவே ஒரு "எ" வேணுமாம். அப்படின்னா ஊரில் இருக்கிற நூறு பேரில் நானும் ஒருத்தன். முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இதுதான் மரியாதை. அப்புறம், பேருக்கு முன்னாடி நாம இந்தப் பக்கத்துல "தி" போட்டுத்தானே பேசுறோம், மகளை தி ஆங்கே, பேத்தியை தி மெய்ஸி என்று? அதையும் அடிச்சீங்க. பேரு இப்படி மொட்டையா நிக்குதே, குளிராதான்னு நான் கேட்க, வகுப்பே சிரிச்சுது. நீங்க மட்டும் சிரிக்கல. "உங்க பேத்தி ஒருத்திதானே ஸைபோல்ட் ஐயா, அப்புறம் எதுக்குச் சுட்டிக் காட்டணும்?" என்றீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் போனேன்.

எல்லாம் அந்த ஒருத்திக்காகத்தான். என் மகள் ஆங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பெண் மெய்ஸிக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் வராது. அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்கு அவள் பாஷையில் பதினோரு வரி பேசணும் என்று எழுதி வந்தேன். பதினாலு "தி" போட்டிருந்தேன், ஒன்பதைத் தாங்கள் சிவப்பு மையால் அடித்தீர்கள். அதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, சவரம் பண்ணும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

பிறந்தநாள் திங்கள்கிழமை. விழா சனிக்கிழமை என்று ஆங்கே எழுதியிருந்தாள், அதற்கு முன்னாடியே லீட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை குழந்தைங்க கூடி விளையாடும், நாளுக்கு முன்னாடியே வாழ்த்தினா கெட்டது வரும்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதனால வாழ்த்தைத் திங்கள்வரைக்கும் பத்திரமா வச்சிருப்பாங்கன்னுதான் நினைச்சேன், நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பீங்க? மூணு மணிக்கு விழான்னதால ரெண்டே முக்காலுக்கே கோட்டு மாட்டிக்கிட்டுத் தயாரா நின்னேன். மூன்றரைக்கு ஜனம் வந்துது, கேக் வந்துது, ரெண்டு நாள் முன்னாடியே எல்லாரும் கூசாமல் பாட ஆரம்பிச்சுட்டாங்க. ஆங்கேயும் பாடுறா. ஒன்பது வருஷம் அங்கே இருந்ததில் அவளுக்குப் பயம் விட்டுப்போச்சு. "மாமா, பேசுங்க. இதுக்காகத்தானே ஏழு மாசமாப் படிச்சீங்க," என்று மருமகன் காலின் என்னை முன்னால் தள்ளினான்.

வாய் திறக்கல டீச்சர்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. என் மனைவி ட்ரௌட்லின் அறுபதாவது பிறந்தநாளை, விடுமுறை தோதாக இருக்கிறதென்று, ஒரு நாள் முன்னாடி கொண்டாடினோம். நான்தான் முதலில் வாழ்த்துச் சொன்னேன். அறுபத்தொன்றை அவள் பார்க்கவில்லை. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். என் நாக்குக்குத் தெரியவில்லை.

மெய்ஸி கிட்ட வந்து, "தாத்தா, எனக்கு ஏன் சொல்ல மாட்டேங்கிற?" என்று கேட்டாள். கேட்டது முழுக்கப் புரிந்தது, அது தங்கள் புண்ணியம். பதிலுக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதினோரு வரி, அதில் ஒன்றையும் சொல்லக் கூடாது. "இன்னிக்கு இல்லை," என்றேன். குழந்தை உதடு துடிக்கப் போய்விட்டது. தாத்தாவுக்குத் தன்மேல் பிரியமில்லை என்று நினைத்திருக்கும். அதுக்குமேல் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. செவ்வாய்க்குப் போட்டிருந்த டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, இன்று காலை அவள் எழுந்திருக்கும் முன்னே கிளம்பி வந்துவிட்டேன். ஏழு மாசம் படிச்சு ஒரு பிள்ளையை அழவைக்கத்தான் முடிஞ்சுது. போதும் எனக்கு இங்கிலீஷ்.

தங்கள் சிவப்பு மை வற்றாதிருக்கட்டும். வகுப்பில் அனைவருக்கும் என் அன்பு. பூனைக்கும்.

தங்கள் பழைய மாணவன்,
கெ. ஸைபோல்ட்

பி.கு. (திங்கள் காலை): ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடலாம் என்று ஷூ மாட்டும்போது ஆங்கே ஃபோன் பண்ணினாள். "ஏன்ப்பா இப்படி ஓடினீங்க? நாளுக்கு முன்னாடி வாழ்த்த நீங்க பயப்படுற விஷயத்தை அவகிட்ட நேத்தே சொல்லிட்டேன். இப்ப பாருங்க, ஸ்கூலுக்குக் கிளம்ப மாட்டேங்கிறா. இன்னும் அஞ்சு வயசுதானாம். தாத்தா சொல்லலையாம். சனிக்கிழமை பாடினதெல்லாம் செல்லாதாம், பரிசு ஒண்ணுகூடப் பிரிக்கல. நீங்களே பேசுங்க," என்று ஃபோனை அவளிடம் கொடுத்தாள். நின்றபடியே, ஒரு காலில் ஷூவோடு, பதினோரு வரியும் சொன்னேன். தாங்கள் அடித்த ஒன்பது "தி"யும் திரும்பி வந்துவிட்டது, மன்னிக்கணும். கேட்டு முடித்ததும் மெய்ஸி, "இப்போ எனக்கு ஆறு," என்றாள். அப்புறம் காகிதம் கிழிகிற சத்தம்தான் கேட்டது.

ஜன்னலோர இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் டீச்சர். செவ்வாய்க்கிழமை வருகிறேன். ஏழாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு.