ஏழு மணிச் செந்தேள்

"இன்னும் சாகலம்மா! செத்ததும் வரேன்!"

அறைக்குள்ளிருந்து பதினோரு வயது சோயுல் கத்தினாள். மேஜையில் கிம்ச்சி குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"பொண்ணு பேசுற பேச்சைக் கேட்டீங்களா? அந்தச் சுடுற விளையாட்டு வந்ததிலேருந்து வீட்ல தினமும் சாவுதான்!" என்றாள் அம்மா யோன்ஹி.

"நாங்க ஆடலயா? டாண்ணு ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிடுவோம்" என்றான் அப்பா கியூசோக்.

பாதி நிஜம். பையனாக இருந்தபோது பள்ளி விட்டதும் நேரே, காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் விளையாடும் தோக்சு மாமாவின் கேம் கடைக்குத்தான் ஓடுவான். கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு அறை, சிகரெட் புகை, கப் நூடுல்ஸ் வாசனை. சாயங்காலம் முழுக்க யாரும் அவனை அசைக்க முடியாது. சரியாக ஏழு மணிக்கு மட்டும் 'செந்தேள்' என்ற பெயரில் எவனோ விளையாட்டுக்குள் வந்து அவனைச் சுட்டுத் தள்ளிவிடுவான். வெறுத்துப்போய் வீட்டுக்கு நடப்பான். "துப்பாக்கி விளையாட்டு பிள்ளைங்களைக் கெடுத்துடும்டா" என்று திட்டியபடியே அம்மா ஆவி பறக்கும் சோற்றின் மேல் மீன் துண்டை வைப்பாள். அம்மா போய் மூன்று வருடமாகிறது.

மறுநாள் மாலை ஆறு ஐம்பத்தைந்துக்கு கியூசோக் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். அடுத்த அறையில் யோன்ஹியின் ஆபீஸ் மீட்டிங்; திரையில் மேனேஜர் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார்.

அதற்கடுத்த நாள் தானே சுட்டுவிடலாம் என்று விளையாட்டுக்குள் இறங்கினான். மகள் அவனை ஏழு தடவை கொன்றாள்.

"தலையில சுட்டா பாயின்ட் ஜாஸ்திப்பா, தப்பா நினைக்காதீங்க!"

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்டா செல்லம்."

எட்டரைக்கு யோன்ஹி வாசலில் நின்றாள். "ஒருத்தியைக் கூட்டிட்டு வரச் சொன்னா, ரெண்டு பேரா?"

மறுநாள் காலையில், அவன் ஆசை ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டரின் மேல், தூக்கிப்போடும் பெரிய சாமான்களுக்கான நகராட்சி ஸ்டிக்கரை யோன்ஹி ஒட்டியிருந்தாள். குப்பை வண்டி நாளைக்கு வரும்.

கியூசோக் ஓடினான். அதே அடித்தளத்தில் தோக்சு மாமா இப்போது நூடுல்ஸ் கடை வைத்திருந்தார்.

"மாமா, நல்லா சுடுற ஆள் வேணும். இன்னிக்கு ஏழு மணிக்கு என் பொண்ணைச் சுடணும்."

பக்கத்து மேஜைக்காரரின் குச்சியிலிருந்து நூடுல்ஸ் நழுவி விழுந்தது.

"விளையாட்டுலங்க, விளையாட்டுல!" என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, செந்தேள்னு ஒருத்தன் இருந்தானே, அவன் இப்ப எங்க?"

தோக்சு மாமா கையைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல உன் பொண்டாட்டியை எனக்குப் போன் பண்ணச் சொல்லு."

"அவ எதுக்கு மாமா?"

கல்லாவுக்குப் பின்னால் பழுப்பேறிக் கிடந்த பழைய கம்ப்யூட்டரை அவர் தட்டிக் காட்டினார்.

"அப்ப... செந்தேள் நீங்களா? உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? தினம் தினம் சுட்டீங்களே!"

"நானாவா சுட்டேன்? உங்கம்மாதான் தினமும் போன் பண்ணுவாங்க, 'சோறு ஆயிடுச்சு, என் பையனைச் சுட்டு வீட்டுக்கு அனுப்புங்க'ன்னு!"