அட்டைக்கார மாப்பிள்ளையை விசாரித்த வகையில்

கொடைக்கானல்,
6 டிசம்பர் 1961

சிரஞ்சீவி மைத்துனன் மயில்சாமிக்கு, அத்தான் இராமலிங்கம் மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் குளிரைத் தவிர வேறு குறையில்லை. அவ்விடம் நீயும், பாலசமுத்திரத்துத் தோட்டமும், போன மாதம் கன்று போட்ட பசுவும் நலமாயிருக்கப் பழனியாண்டவன் துணையிருக்கட்டும். நிற்க.

நீ கொண்டுவந்த சம்பந்தம் வேண்டாம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், போகப்போக விரல் விறைத்துவிடும். பையன் ஞானவேல் நல்ல குடும்பம், எம்.எஸ்சி. படித்தவன், கொடைக்கானலில் ஆராய்ச்சி செய்கிறான் என்றாய். என்ன ஆராய்ச்சி என்று கேட்டதற்கு, "பெரிய ஆராய்ச்சிங்க அத்தான்" என்றாய். பெண் கொடுக்கிற இடத்தை விசாரிக்காமல் கொடுக்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? அதனால்தான் பழனிக் கடையை உன் அக்காள் கந்தம்மாள் பொறுப்பில் விட்டு, வத்தலக்குண்டில் பஸ் மாறி, யாருக்கும் தெரியாமல் இங்கே வந்து ஐந்து நாளாகிறது. பஜாரில் அப்துல் சலாம் பாயின் டீக்கடை மாடியில் தங்கல். தலைக்கும் கழுத்துக்கும் மப்ளர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கையில் குடை, தோளில் நம் கடைத் துணிப்பை. பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரியாது.

வட்டக்கானல் போகிற வழியில்தான் அவனுடைய வாடகை வீடு. எதிரே ஒரு தைலமரம். தினமும் வெள்ளனே போய் அதன் பின்னால் நிற்கிறேன். பையன் எழுந்ததும் என்ன செய்கிறான் தெரியுமா? பக்கத்துச் சோலைக்காட்டின் ஓரத்தில், கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, அட்டை கடிக்கிற வரைக்கும் நிற்கிறான். ஊரே அட்டைக்குப் பயந்து புகையிலையைத் தடவிக்கொண்டு ஓடுகிறது. இவன் காலைக் கொடுத்து, அது எத்தனை நிமிஷம் ரத்தம் குடிக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுகிறான். குடித்து விழுந்ததும் அதைத் தாங்கிப் பிடித்துச் சீசாவில் விட்டு, அதற்கு மூச்சு முட்டாமல் மூடியில் துளை இருக்கிறதா என்றும் பார்க்கிறான். என் மகள் வள்ளி வாழ்க்கைப்பட்டுப் போனால் அந்தச் சீசாக்களை ஊறுகாய் ஜாடிக்கு இந்தப் பக்கம் வைப்பாளா, அந்தப் பக்கம் வைப்பாளா?

சரி, இவனோடு போயிற்றா என்றால், கூட மூன்று பேர். ஒருவர் குழாய் ஒன்றைச் சூரியனுக்கு நேரே நீட்டி, காகிதத்தில் விழுகிற வட்டத்தில் பென்சிலால் புள்ளி வைக்கிறார். சூரியனில் கரும்புள்ளி இருக்கிறதாம், நேற்று ஏழு, இன்று ஒன்பது. யார் போய்ச் சரிபார்ப்பது? இன்னொருவர் மலைமேல் இருக்கிற பழங்காலக் கல்வீடுகளுக்குள் டேப்போடு தவழ்ந்து போகிறார். செத்தவர்களைப் புதைத்த இடமாம். செத்து இரண்டாயிரம் வருஷமானவருக்கு இப்போது அளவெடுத்து என்ன, சட்டையா தைக்கப் போகிறார்? மூன்றாமவருக்குப் பேச்சு ஆராய்ச்சி. சந்தையில் வில்பட்டிச் சின்னத்தாயி, பூண்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டவனை, "ஏலே, பூண்டு என்ன ரோட்டுலயா கெடக்கு? சோலியப் பாத்துக்கிட்டுப் போலே!" என்று வைதாள். இவர் ஓடிப்போய், "அம்மா, கொஞ்சம் நிதானமா இன்னொருக்கா வையுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்றார். அவள் இவரையும் சேர்த்து வைதாள். அதையும் எழுதிக்கொண்டார்.

அட்டைக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்? கல்லறைக்கும் சின்னத்தாயி வசவுக்கும் என்ன சம்பந்தம்? நாலு பேருக்கும் நாலு திக்கில் சோலி, ஆனால் ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. மூன்று நாள் யோசித்தேன், நாலாம் நாள் பிடிபட்டுவிட்டது. புதையல்! இடம் பார்க்கிறவர் கல்வீட்டுக்காரர். நேரம் குறிக்கிறவர் சூரியக்காரர். ஊர் ரகசியத்தைப் பிடுங்குகிறவர் பேச்சுக்காரர். காவல் பூதத்துக்கு ரத்தம் சேர்க்கிறவன் நீ பார்த்த மாப்பிள்ளை. ஆனால் அட்டை குடித்த ரத்தம் பூதத்துக்கு எந்த மூலைக்கு? முழு ஆள் வேண்டுமே! அந்த ஆள் யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து சலாம் பாய் எனக்குக் காலையில் சுக்குக் காப்பி தருகிறார், ஒரு கம்பளியும் கொடுத்திருக்கிறார். யார் தந்தது என்று கேட்டால், "சூடா இருக்கு, குடிங்கண்ணே. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்கிறார். வெட்டப் போகிற கிடாய்க்கு வேறு எப்படி உபசாரம் செய்வார்கள்?

இன்று காலை நான் மரத்தின் பின்னால் நிற்கும்போது ஞானவேல் கையில் சீசாவோடு நேரே என்னைப் பார்த்து வந்தான். பின்னாலேயே மற்ற மூவரும். "கொல்ல வாராங்கடோய்!" என்று கத்தினேன். குடையையும் பையையும் அங்கேயே போட்டுவிட்டு, பஜார் வரைக்கும் ஓட்டம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது மயில்சாமி. இருக்கிறது ஒரே மகள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி, பசுவுக்கு ஒரு பிடி புல் கூடுதலாகப் போடு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் அத்தான்,
இராமலிங்கம்

பின்குறிப்பு: மேலே கண்டதில் குளிர் ஒன்றுதான் நிஜம். உறையை ஒட்டப் போகும்போது ஞானவேல் என் குடையும் பையுமாக மாடியேறி வந்துவிட்டான். "கழுத்துல அட்டை ஏறியிருந்துச்சுங்கய்யா, எடுக்கத்தான் வந்தோம்" என்றான். தொட்டுப் பார்த்தேன், மப்ளருக்குள் கொழுகொழுவென்று இருந்தது. இத்தனை பக்கம் நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலிக்காமல் எடுத்துச் சீசாவில் விட்டான். நேரத்தையும் குறித்துக்கொண்டான். "நான் யாருன்னு எப்படித் தெரியும் தம்பி?" என்றேன். பையைத் திருப்பிக் காட்டினான். 'சண்முகவள்ளி விலாஸ் பஞ்சாமிர்தம், அடிவாரம், பழனி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மகள் பேரை நானே ஆசையாக அச்சடித்த பை.

"மொத நாளே தெரியுங்கய்யா. நீங்க பாத்து முடிக்கட்டும்னு இருந்தேன். நடுவுல கலைச்சா எதையும் சரியாப் பாக்க முடியாதுங்க" என்றான். கம்பளி யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முதலில் வேண்டாம் என்றேனே, அந்தச் சம்பந்தம் இருக்கட்டும். ஆனால் முகூர்த்தம் பார்க்க ஓடாதே. படியிறங்கும்போது அவன் ஒன்று கேட்டான்: "எல்லாத்தையும் விசாரிச்சீங்க. உங்க மகளுக்கு இதுல சம்மதமான்னு விசாரிச்சீங்களாய்யா?" ஐந்து நாள் மரத்தின் பின்னால் நின்ற எனக்கு, வீட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சூரியக்காரர் நாளைக்குப் புள்ளி காட்டுகிறேன் என்று அவனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார், நான் வர இன்னும் நாலு நாளாகும். நீ வெரசாகப் பழனிக்குப் போ. அக்காளிடம் கேட்காதே, ஜோசியரிடம் கேட்காதே, தாய்மாமன் நீ வள்ளியிடமே கேள். அவள் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பு.