நேரலைக்கு வந்த சீர்வரிசை

சொந்தப் புத்தகத்தை விற்பதற்காக என்னைப் போல வெட்கம் கெட்டு அலைந்த ஆள் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை எனக்கு. கிட்டப் பார்வையைச் சோதிக்க ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். என் முதல் நாவல் வெளிவந்த வாரத்தில் அந்த அட்டையை மேசைக்குள் போட்டுவிட்டு, நாவலின் முதல் பக்கத்தை நீட்ட ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் கடகடவென்று படித்துவிட்டு, "எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. கதைதான் ஒண்ணும் புடிபடல" என்றார். கண்ணாடி வாங்கினார். புத்தகம் வாங்கவில்லை. (முதலாளி அன்று மாலையே பழைய அட்டையை வெளியே எடுக்க வைத்துவிட்டார்.)

இத்தனைக்கும் காரணம் என் பதிப்பாளர். "எழுதுறதோட வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காதீங்க மேடம். இப்பல்லாம் எழுத்தாளர்தான் சத்தம் போடணும்" என்று சொல்லியிருந்தார். போட்டேன். முகநூலில் ஒரு பக்கம், இன்ஸ்டாவில் ஒரு கணக்கு, வாட்ஸாப்பில் தினம் ஒரு ஸ்டேட்டஸ். கூரையைப் பார்த்தபடி ஒரு படம், கன்னத்தில் கை வைத்தபடி ஒரு படம். (கூட வேலை பார்ப்பவள், பல்வலியா என்று கேட்டாள்.) சொந்தபந்தம் முழுக்கக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியது. வாங்கத்தான் ஆளில்லை. நாவலின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் இதையும் விளம்பரக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

அப்புறம் பதிப்பாளரிடமிருந்து இன்னொரு போன் வந்தது. "புத்தகக் கட்டைப் பிரிக்காமலே வச்சிருக்கேன் மேடம். இது ஓடலைன்னா அடுத்த நாவலை நான் எடுக்குறது கஷ்டம்." அடுத்த நாவலைப் பாதி எழுதி வைத்திருந்தேன்.

நல்லவேளையாகத் தஞ்சாவூரில் புத்தகங்களுக்கென்றே யூடியூப் சேனல் நடத்தும் நிவேதா என்ற பெண் நேர்காணலுக்கு ஒத்துக்கொண்டாள். அவள் அங்கிருந்தபடி கேட்பாள், நான் என் வீட்டிலிருந்து போனில் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் நேரலை. "ஆரம்பத்துலயே கூட்டம் இருந்தாத்தான் வீடியோ மேல ஏறும்க்கா. உங்க ஆளுங்களை எல்லாம் வரச் சொல்லிடுங்க" என்றாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஓர் அழைப்பு எழுதினேன். கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு அழைப்பை நான் வாழ்க்கையில் படித்ததில்லை. ஆகவே அதே பாணியில், 'ஞாயிறு காலை பத்து மணிக்கு எனது முதல் நூலுக்கான நேரலை நடைபெற இருப்பதால், உறவுகள் அனைவரும் தவறாது கலந்துகொண்டு சிறப்பிக்க வேண்டுகிறேன். இடம்: நமது இல்லம்' என்று போட்டு, அடியில் அப்பா அம்மா பெயரையும் சேர்த்தேன். லிங்க்கை மட்டும் போடவில்லை. குழுவில் வரிசையாகக் கும்பிடு விழுந்தது. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், 'கண்டிப்பா வர்றோம்' என்று எழுதினார். ஆகா, பார்வையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு எது முதன்முதலாக நடந்தாலும் தாய்மாமன் வெறுங்கையோடு வரமாட்டார். காது குத்தா, சடங்கா, வளைகாப்பா, தட்டுத் தட்டாகச் சீர் வரும். 'முதல் நூல்' என்று எழுதியபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கைத்தறிப் புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து, பீரோவின் கதவைத் திறந்து புடவைகளை இறக்கிவிட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன் முன்னால் உட்கார்ந்தேன். எதிரே போன், அதைச் சுற்றி வட்ட விளக்கு. நிவேதா முதல் கேள்வியைக் கேட்டாள்: "ஒரு படைப்பாளிக்குத் தனிமை எவ்வளவு முக்கியம்?"

நான் கண்ணை மூடித் திறந்தேன். "எழுதுகிறவள் அடிப்படையில் தனியானவள், நிவேதா. அவளைச் சுற்றி ஒரு பெரிய மௌனம்..." என்று ஆரம்பித்தேன்.

வாசலில் சரவெடி வெடித்தது. தொடர்ந்து தவில், நாதஸ்வரம்.

"அக்கா, அங்க ஏதோ சத்தம் கேக்குதே?" என்றாள் நிவேதா.

"பக்கத்துத் தெருவில் ஏதோ விசேஷம்" என்று சமாளித்தேன். சொல்லி முடிக்கவில்லை, விசேஷம் கூடத்துக்குள் வந்துவிட்டது. முன்னால் மாமா, பட்டு வேட்டியில். பின்னால் அத்தை, அவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய உறவு, ஆளுக்கொரு தட்டோடு. வாழைப்பழம், தேங்காய், லட்டு, பட்டுப்புடவை. ஒரு தட்டில் வெள்ளைத்தாள் கட்டும் பேனாக்களும் கண்ணாடிக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி இருந்தன. மாமா என் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டார். அத்தை என் வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தார். மௌனத்தைப் பற்றிய என் கருத்து அத்தோடு நின்றது.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா வெலவெலத்துப் போனார். "அடியே செல்வி! ஊரையே கூப்பிட்டுட்டு ஒரு உலைகூட வைக்கச் சொல்லாம பொட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே! உனக்கு மூளை கீளை இருக்கா?" இது அப்படியே நேரலையில் போனது. திரையின் ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது.

மாமா குனிந்து போனைப் பார்த்தார். "யாரும்மா நீ? எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?"

"தஞ்சாவூருங்கய்யா. நிவேதா."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"அப்ப கெளம்பி வா. சாப்பிட்டுப் போகலாம்."

(சாப்பாடே இல்லாத வீட்டுக்கு இன்னும் ஓர் ஆளைக் கூப்பிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டதும் நேரலையில் பதிவாகியிருக்கிறது.)

நிவேதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அய்யா, அக்காவோட நாவலைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது. மாமா தேங்காய் வியாபாரி. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி அவர் வீட்டு சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"இன்னும் இல்லம்மா. புள்ள பொறந்தா சீர் கொண்டுட்டுப் போறோம். புள்ளகூடப் பேசிப் பார்த்துட்டா போறோம்?" என்றார்.

என்னையும் மாமாவையும் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்துச் சொன்னார்: "எங்க அப்பாரு காலத்துல எங்க பேரைக் கூலிக்குக் கூப்பிடத்தான் சொன்னாங்க. எங்க காலத்துல தட்டுத்தடுமாறி பட்டாவுல பேரு வந்துச்சு. இப்ப எங்க தங்கச்சி மவ பேரு புத்தக அட்டையில வந்திருக்கு. இதுக்கு மேளம் வைக்காம வேற எதுக்கும்மா வைக்கிறது?"

வாய் நிறைய லட்டோடு அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மூக்கும் கண்ணும் சேர்ந்து ஓடின. தமிழ் இலக்கியத்தில் எனக்கென்று ஒரு கம்பீரத்தைச் சம்பாதித்துவிடலாம் என்ற திட்டம் அதோடு ஒழிந்தது.

அத்தை நிலைமையைக் கையில் எடுத்தார். "அடுப்பங்கரை ஒரே இருட்டா இருக்கு. அந்த லைட்டை இங்க கொண்டாங்க" என்றார். வட்ட விளக்கைக் கழற்றும்போது யார் விரலோ பட்டு நேரலை முடிந்தது. என் நாவலைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் பேசியிருக்கவில்லை. இலக்கிய வெளிச்சத்தில் கத்திரிக்காய் நறுக்கினார்கள். மேளக்காரர்கள் உட்பட எல்லாரும் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இனி எந்த முகத்தோடு பதிப்பாளரிடம் பேசுவது என்று போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் கண்ணைக் காட்டாமல் என் முகத்தையே பார்த்தார்கள். மாமா பேசிய துண்டு வெட்டப்பட்டு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, 'சீர் வந்த புத்தகம் எங்கே கிடைக்கும்?' என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பதிப்பாளர் கட்டைப் பிரித்தார். பிறகு இன்னொரு முறை அச்சடித்தார். "மேடம், அடுத்த நாவலை அனுப்புங்க" என்றவர் கொஞ்சம் தயங்கி, "அதுக்கும் மாமா வருவாருல்ல?" என்று கேட்டார்.

நேரலை என்றால் என்னவென்று தெரியாமல் வந்துவிட்டாரோ என்று பிற்பாடு மாமாவிடமே கேட்டேன். "ஏன் தெரியாது? கல்யாணத்தைக்கூடத்தான் போன்ல காட்டுறாங்க. அதுக்காகத் தாய்மாமன் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு போனையா பார்ப்பான்?" என்றார்.

இன்றைக்கும் எங்கள் குழுவில் நான் எதை எழுதினாலும், 'உலை வச்சாச்சா?' என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. போன மாதம் மாமா பேத்திக்குக் காது குத்து. உறவினர் படங்களோடு கடைத்தெருவில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். டாக்டர், இன்ஜினியர் எல்லாரையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நட்ட நடுவில் என் படம்: கழுத்தில் மாலை, கன்னம் புடைக்க லட்டு, மூக்கில் ஈரம். கீழே, 'எழுத்தாளர் செல்வி (நேரலைப் புகழ்)'. வேறு படமே கிடைக்கவில்லையா என்று கேட்கத்தான் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும், பேனரை இன்னும் கொஞ்ச நாள் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.